அப்பாவின் சுகர் கணக்கை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்வது: உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

பெரம்பூர்_மீனா | ஞாயிறு, காலை 8:10

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது காலையும் இரவும் இன்சுலின், கூடவே மாத்திரை. அம்மா தவறிய பிறகு பகல் முழுக்க பெரம்பூர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். எனக்குச் சிறுசேரியில் வேலை, காலை கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். அண்ணன் துபாயில், தங்கை கோவையில்.

அப்பா தினமும் மெஷினில் பார்த்து நம்பரைக் குடும்ப குரூப்பில் போடுவார். 210 என்று வந்தால் அண்ணன் உடனே "ராத்திரி ரெண்டு யூனிட் கூட்டிப் போடுங்கப்பா" என்பான். தங்கை சாதத்தை நிறுத்தச் சொல்வாள். சித்தப்பா ஆவாரம்பூ கஷாயம் வீடியோ அனுப்புவார். அப்பா யார் மனதையும் நோகடிக்க மாட்டார், எல்லோர் சொல்வதையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார். போன வாரம் ஒரு மதியம் சுகர் லோ ஆகி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கீழ் வீட்டு அக்கா தற்செயலாக மேலே வந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். "தலை சுத்துது" என்று அப்பா குரூப்பில் போட்டிருந்தார். எல்லோரும் வேலையில் இருந்த நேரம் அது.

டாக்டர் நல்லவர். "ரீடிங் அனுப்புங்க" என்றார். அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அவருக்கு எத்தனை பேர் அனுப்புவார்களோ.

சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டலாமா? வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது பிரயோஜனமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ராயபுரம்_சிஸ்டர் | ஞாயிறு, காலை 9:35

மீனா, உங்கள் வீட்டில் நடப்பது எங்கள் ஓபியில் தினமும் கேட்கிற விஷயம். நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியர். ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும் கணக்கு நோட்டு பார்ப்பதும்தான் பெரும்பாலும் என் வேலை.

குடும்ப குரூப் நலம் விசாரிக்க இருக்கட்டும். இன்சுலின் அளவைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அளவு சொல்ல ஒரே ஆள், அது டாக்டர். டாக்டரிடம் பேச வீட்டில் ஒரே ஆள், அது நீங்கள். இதை அண்ணனிடமும் தங்கையிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்தது, டாக்டருக்கு என்ன அனுப்புகிறீர்கள்? வெறும் "210" வந்தால் நானே ஒன்றும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, முந்தின நாள் கல்யாணச் சாப்பாடா? ஒரு நோட்டில் கட்டம் போட்டு நேரம், ரீடிங், போட்ட யூனிட், சாப்பிட்டது என்று அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கீழே ஒரே ஒரு கேள்வி போட்டு அனுப்புங்கள். "காலை வெறும் வயிற்றில் தொடர்ந்து 180-க்கு மேல் இருக்கிறது, இரவு ஊசியை மாற்ற வேண்டுமா?" என்பது மாதிரி. இப்படிக் கேட்டால் டாக்டர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் 70-க்குக் கீழே போனால் வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போன்.

மெஷினில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு பலர் செட் செய்வதில்லை. மெமரியைப் பார்த்தால் விடியற்காலை மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அப்பா இன்சுலின் பேனா போடுகிறாரா, பாட்டிலும் சிரிஞ்சுமா? பாட்டில் என்றால் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட்தான். மாறிப்போனால் எந்தக் கணக்கும் நிற்காது. போனில் "இருபது போட்டேன்" என்று சொன்னால் இது தெரியவே தெரியாது. படத்தில் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

---

அடையாறு_கார்த்தி | ஞாயிறு, காலை 11:20

எனக்குப் பள்ளி நாளிலிருந்து டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை. சென்சார் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேல்கையின் பின்பக்கம் ஒட்டுவது. நான் போடுவது ஒரு தடவை ஒட்டினால் 14 நாள் வரும். நம் வெயிலில் வேர்வைக்குப் பசை சீக்கிரம் விட்டுவிடும், மேலே ஒரு டேப் ஒட்ட வேண்டியிருக்கும். இன்னொருவர் தன் போனில் அதே ஆப்பின் துணை ஆப்பைப் போட்டுக்கொண்டால், சிறுசேரியில் உட்கார்ந்தபடியே அப்பாவின் அளவைப் பார்க்கலாம், லோ ஆனால் உங்கள் போனும் அலறும். கம்பெனிகள் இதைத் தருவதற்கு முன்பே, 2013 வாக்கில், அமெரிக்காவில் டைப் 1 குழந்தைகளின் பெற்றோர்கள் தாங்களாகவே நிரல் எழுதி நைட்ஸ்கவுட் என்று ஒன்றைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கிறது என்று வேலையிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற தவிப்பில் பிறந்தது அது. எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை.

ஆனால் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரை அளக்கிறது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்துவிட்டால் பொய்யாக லோ காட்டும். நடுராத்திரி 55 என்று அலாரம் அடித்தால் முதலில் அப்பாவைப் புரண்டு படுக்கச் சொல்லுங்கள், உடனே விரலில் குத்திப் பாருங்கள். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால் விரலைத்தான் நம்ப வேண்டும்.

செலவும் இருக்கிறது, ஒவ்வொரு சென்சாருக்கும் சில ஆயிரம். மாதா மாதம் முடியாவிட்டால், டாக்டர் மருந்து மாற்றும் சமயத்தில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். அந்த இரண்டு வார வரைபடமே நிறையச் சொல்லும்.

---

வில்லிவாக்கம்_பெரியவர் | ஞாயிறு, மதியம் 3:05

அம்மா மீனா, உன் அப்பா இடத்திலிருந்து ஒருவர் பேச வேண்டாமா? எனக்கு 78 நடக்கிறது. நானும் சர்க்கரைக்காரன்தான்.

என் பிள்ளைகளும் இப்படித்தான் குரூப் வைத்தார்கள். நம்பர் போட்டேன். 140 போட்டால் கை தட்டும் பொம்மை வரும். 240 போட்டால் வரிசையாக விசாரணை. என்ன சாப்பிட்டீங்க, யார் கொடுத்தா, நடந்தீங்களா. பேரன் பிறந்த நாளுக்கு ஒரு வாய் கேக் சாப்பிட்டதற்கு மூன்று ஊரிலிருந்து போன். கொஞ்ச நாளில் நல்ல நம்பர் வந்தால் மட்டும் போடுவது, இல்லாவிட்டால் "ஸ்ட்ரிப் தீர்ந்துபோச்சு" என்பது என்று ஆகிவிட்டது. கிழவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள் அம்மா. திட்டு வாங்க யாருக்கும் ஆசை இல்லை.

இப்போது மகள் ஒருத்தியிடம் மட்டும் அனுப்புகிறேன். எண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "பார்த்துட்டேன்பா" என்று மட்டும் எழுதுவாள். எல்லாம் அனுப்புகிறேன், 300 வந்தாலும்.

இன்னொன்று, எல்லாமே போனில் ஆகாது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் ஆரம்பித்ததில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறாள். பிரஷர் பார்க்கிறாள், மாத்திரை கொடுக்கிறாள். என் காலில் புண் இருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான், எனக்கே தெரியாது, அங்கே உணர்ச்சி இல்லை. எந்த ஆப் குனிந்து என் பாதத்தைப் பார்க்கும்?

---

பெரம்பூர்_மீனா | ஞாயிறு, மாலை 6:50

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கேக் இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார். மிக்க நன்றி.

சிஸ்டர், பாட்டில்தான். டிராயரைத் திறந்து பார்த்தால் இரண்டு பாக்கெட் சிரிஞ்சு இருக்கிறது, ஒன்று சிவப்பு மூடி, ஒன்று ஆரஞ்சு. பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறது. மெடிக்கல் கடையில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். நாளையிலிருந்து சிவப்பு மட்டும் போடச் சொல்லிவிடட்டுமா?

---

ராயபுரம்_சிஸ்டர் | ஞாயிறு, மாலை 7:05

மீனா, கொஞ்சம் நில்லுங்கள். இரவு ஊசிக்கு முன் இதைப் படியுங்கள்.

சுகர் இறங்கவில்லை என்று சமீபத்தில் டாக்டர் அளவைக் கூட்டினாரா? கூட்டியிருந்தால், ஆரஞ்சு சிரிஞ்சில் போட்ட நாட்களின் ரீடிங்கைப் பார்த்துத்தான் அது நடந்திருக்கும். உதாரணத்துக்கு 30 கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சில் 30 கோடு என்றால் உள்ளே போவது 12 யூனிட். அதே 30-ஐச் சிவப்பில் இழுத்தால் முழு 30. ஒரே நாளில் இரண்டரை மடங்கு. போன வாரம் லோ ஆனதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

அதனால் சிவப்புதான் சரியான சிரிஞ்சு என்றாலும், அளவை மறுபடி டாக்டர் சொன்ன பிறகுதான் போட வேண்டும். இப்போதே கூப்பிடுங்கள். மெசேஜ் வேண்டாம், போன். "40 பாட்டிலுக்கு 100 சிரிஞ்சு கலந்து போட்டிருக்கிறார்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் எடுக்காவிட்டால் அவருடைய மருத்துவமனையின் டூட்டி டாக்டர். பாட்டில், சிரிஞ்சு படத்தைத் தயாராக வைத்திருங்கள்.

---

குரோம்பேட்டை_டாக்டர் | ஞாயிறு, இரவு 9:15

சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

நீல டிக் பற்றி, டாக்டர்கள் பக்கத்திலிருந்து. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஒரு சாதாரண கிளினிக்கில்கூட நாள் முழுக்க ரீடிங் வந்துகொண்டே இருக்கும். ஓபி நடுவே, கேஸ் ஷீட் கையில் இல்லாமல், ஒரு நம்பரைப் பார்த்து யூனிட் சொல்வது ஆபத்து. அதனால் பல பேர் பதில் போடுவதில்லை. பதில் போடாமல் விடுவதும் சரியில்லைதான். "செவ்வாய், வெள்ளி மாலை மட்டும் பார்ப்பேன், அவசரம் என்றால் இந்த எண்" என்று நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் என் கிளினிக்கில் இதை எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் வீடியோ, ஆடியோ, எழுத்து மூன்றையும் அனுமதிக்கிறது, வாட்ஸ்அப்பும் இதில் அடக்கம். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே டாக்டரிடம், அதே நோய்க்குக் கேட்டால் அது தொடர் ஆலோசனை. டாக்டர் கட்டணம் வாங்கலாம், சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். ஆகவே மீனா, தயங்காமல் "மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் வீடியோவுக்கு நேரம் தருவீர்களா, ஃபீஸ் கட்டிவிடுகிறோம்" என்று கேளுங்கள். இலவசமாக வேண்டுவோருக்கு அரசின் இ-சஞ்சீவனி என்ற ஆன்லைன் ஆலோசனைச் சேவை இருக்கிறது.

செய்தி அனுப்புவதால் பலன் உண்டா என்பவர்களுக்கு நம் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் தறுவாயில் இருந்த 537 ஆண்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து எஸ்எம்எஸ் போனது. அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம். 2013-இல் வெளியானது. சாதாரண எஸ்எம்எஸ், ஸ்மார்ட்போன்கூட வேண்டாம்.

---

சைதை_ராஜி | திங்கள், காலை 7:25

சித்தப்பாவின் ஆவாரம்பூ வீடியோவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அத்தை "48 நாளில் சர்க்கரை அடியோடு போகும்" என்று ஒரு பொடி வீடியோவை நம்பி, வாட்ஸ்அப்பிலேயே பணம் கட்டி வரவழைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். நாக்கு வறண்டு, எடை குறைந்து, கடைசியில் அட்மிட் பண்ண வேண்டியதாயிற்று. எடை குறைந்ததைப் "பொடி வேலை செய்யுது" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னதுதான் இன்னும் மனதைப் பிசைகிறது.

சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயின் பெயரே இருக்கிறது. எங்கள் குடும்ப குரூப்பில் இப்போது ஒரே விதி: மருத்துவ ஃபார்வர்டு எது வந்தாலும் அட்மின் அழித்துவிடுவார், அனுப்பியவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுவார்.

இன்னொரு சின்ன விஷயம். லேப் ரிப்போர்ட்டைக் குரூப்பில் போடும்போது பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் அதிலேயே இருக்கும். மடித்து மறைத்துப் படம் எடுங்கள்.

---

அடையாறு_கார்த்தி | திங்கள், காலை 8:40

> அளவு சொல்ல ஒரே ஆள், அது டாக்டர்.

சிஸ்டர், இதில் மட்டும் எனக்கு மாறுபாடு. டைப் 1 உள்ள நாங்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அளவை நாங்களேதான் கணக்குப் போடுகிறோம். இட்லிக்கு எத்தனை, பிரியாணி சாப்பிட்டால் மூன்று மணி நேரம் கழித்து ஏறும் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்னை மாதிரி ஊசி போடும் சக நோயாளிகளின் குரூப்தான். காய்ச்சல் வந்த ராத்திரி பதினொரு மணிக்கு எந்த டாக்டர் இருக்கிறார்? அங்கே ஒருவர் விழித்திருப்பார். கல்லூரி நாளில் "இது எனக்கு மட்டும்தான்" என்று நொந்துகிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தது அவர்கள். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

---

ராயபுரம்_சிஸ்டர் | திங்கள், மதியம் 1:30

குறைத்துப் பேசவில்லை தம்பி. நீங்கள் பயிற்சி எடுத்தவர், உங்கள் உடம்பில் ஓடும் மருந்து உங்களுக்குத் தெரியும், கணக்கிடும் முறையை டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மீனா அப்பா போடுவது இரண்டு இன்சுலின் கலந்த மருந்து என்று நினைக்கிறேன். அதை ராத்திரி கூட்டினால் அதன் ஒரு பகுதி விடியற்காலையில் வேலை செய்யும், எல்லோரும் தூங்கும் நேரம். துபாயில் இருக்கும் மகனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. சக நோயாளிகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது வேறு, பாசத்தில் யூனிட் சொல்வது வேறு.

---

வேளச்சேரி_அம்மா | திங்கள், இரவு 8:00

என் மகளுக்கு டைப் 1, ஆறாம் வகுப்பு. கார்த்தி சொன்ன மாதிரி குரூப்தான் எங்களுக்குத் துணை. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் தண்ணீர் சூழ்ந்து, கரண்டும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. ஆப்பில் இருந்த கணக்கெல்லாம் போனோடு செத்துப்போனது. பிரிஜ் ஓடவில்லை, இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் காகிதத்திலும் இருக்கிறது: மருந்தின் பெயர், எந்த வேளைக்கு எத்தனை யூனிட், டாக்டர் எண், ரத்த வகை. பிரிஜ் கதவில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

எங்கள் குரூப்பில் கண்டிப்பான ஒரு வழக்கமும் உண்டு. பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, சுகர் இறங்கவே இல்லை என்று யாராவது எழுதினால் அனுபவம் சொல்ல மாட்டோம். "இன்சுலினை நிறுத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று மட்டும்தான் எழுதுவோம். கிளம்பியாயிற்று என்று பதில் வரும்வரை ஒருவர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

---

பெரம்பூர்_மீனா | புதன், இரவு 9:40

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிறு இரவே டாக்டரைப் பிடித்துவிட்டேன். சிரிஞ்சு விஷயத்தைச் சொன்னதும் அவர் போனிலேயே பழைய சீட்டையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். போன மாதம் அளவைக் கூட்டியது உண்மைதான். அதைக் குறைத்து, சிவப்பு சிரிஞ்சு மட்டும் என்று சொல்லி, கொஞ்ச நாள் வேளாவேளைக்கு ரீடிங் கேட்டிருக்கிறார். பதிலும் வருகிறது! ஆரஞ்சு பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்து, இனி சீட்டில் "40 சிரிஞ்சு" என்று டாக்டர் கையால் எழுதி வாங்குவதாக முடிவு.

அண்ணனிடம் பேசினேன். முதலில் முறுக்கிக்கொண்டான், 12-க்கும் 30-க்கும் உள்ள கணக்கைச் சொன்னதும் அமைதியாகிவிட்டான். இப்போது அவன் வேலை தினமும் மதியம் ஒரு மணிக்கு, சென்னை நேரப்படி, அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுப் பேசுவது. சுகர் பற்றிக் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் போதும். எடுக்காவிட்டால் கீழ் வீட்டு அக்காவுக்கு போன். அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன். லோ ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாயிற்று. சென்சார் அடுத்த மாதம் ஒன்று மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரீடிங் எனக்கு மட்டும்தான் வருகிறது, நானும் "பார்த்துட்டேன்பா" என்று மட்டும் எழுதுகிறேன் ஐயா.

ஒரு சந்தேகம் சிஸ்டர். அப்பாவுக்கு இடது கண் மங்கல். சிரிஞ்சில் கோடு தெரிகிறதா என்று பயமாக இருக்கிறது.

---

ராயபுரம்_சிஸ்டர் | புதன், இரவு 10:05

மிகவும் சந்தோஷம் மீனா.

ஒரு வாரத்துக்குக் காலை ஊசியின்போது நீங்களும், இரவு உங்கள் தங்கை வீடியோவிலும் பாருங்கள். இழுத்த பிறகு சிரிஞ்சைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொன்னால் கோடு தெரியும். அதற்கு முன் பாட்டிலை உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டுகிறாரா என்றும் பாருங்கள், கலந்த மருந்து அடியில் தங்கியிருக்கும். சட்டையைத் தூக்கி வயிற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் போட்டுக் கட்டியாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும், அங்கே மருந்து சரியாக ஏறாது.

கோடு தெரியவில்லை என்றால் பேனாவுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். திருப்பும்போது கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் எண்ணைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். கண்ணுக்கு விழித்திரைப் பரிசோதனை செய்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதை வீடியோவில் பார்க்க முடியாது, நேரில் அழைத்துப் போங்கள். மங்கல் புதிதாக வந்தது என்றால் இந்த வாரமே.